முதல் ஓராண்டு யார் பொறுப்பு? நெல்லைச் சீமையின் புதிய செவிலியர்கள்

முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பெண் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் பீடித் தட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. தாய் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, கட்டுக் கட்டிக் கடையில் கொடுத்து வாங்கிய கூலியில் மகள் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்றாண்டு டிப்ளமோவோ முடிக்கிறாள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்தே தெருவில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "ஏட்டி, வேல கெடச்சாச்சா?"

கிடைத்துவிட்டது என்று பதில் சொல்வது கடினமே இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையைச் சுற்றியும் வண்ணார்பேட்டையிலும் தனியார் மருத்துவமனைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்டாஃப் நர்ஸ் தேவை என்ற அறிவிப்பு எங்காவது ஒட்டப்பட்டிருக்கும். உலக அளவிலும் பற்றாக்குறைதான். 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள், மேலும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. இத்தனை தேவை உள்ள தொழிலில், ஆசையாகப் படித்து வந்த பெண்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே களைத்து, திருமணத்தோடு விட்டுவிடலாம் என்றோ எப்படியாவது வெளிநாடு போய்விடலாம் என்றோ ஏன் நினைக்கிறார்கள்?

பொருநைக் கரையில் வேலைக்குப் பஞ்சமில்லை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, வாழத் தக்க சம்பளத்தோடு கடக்கும் முதல் ஓராண்டுக்குத்தான் பஞ்சம். கல்லூரி அதைத் தருவதில்லை, மருத்துவமனையும் தருவதில்லை, அரசும் தருவதில்லை. அதன் செலவு முழுவதும் அந்தப் பெண்ணின் தலையிலும் அவள் குடும்பத்தின் தலையிலும் விழுகிறது. இந்த நிலை எப்படி வந்தது, இன்று திறந்திருக்கும் வழிகள் எவை, எதை மாற்ற வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பயிற்சியும் பணியும் பிரிந்த கதை

தமிழ்நாட்டில் நர்ஸ் பயிற்சி மருத்துவமனைக்குள்ளேயே பிறந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கிய பள்ளி நாட்டின் மிகப் பழைய பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று. வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய நர்சிங் பள்ளி 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. தென்கோடியில் நாசரேத்தின் பரிசுத்த லூக்கா மருத்துவமனை போன்ற மிஷன் மருத்துவமனைகள் இருந்தன. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-இல் வந்து தங்கிய டோனாவூரில், ஆதரவற்ற குழந்தைகளாக வந்து வளர்ந்த பெண்கள் பலர் அங்கிருந்த மருத்துவமனையிலேயே நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் அமர்ந்தார்கள். இந்த இடங்களில் படித்த வார்டும் வேலை பார்த்த வார்டும் ஒன்றே. சொல்லித்தந்த சிஸ்டரே மறுநாள் உடன் பணியாற்றும் மூத்தவர்.

1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அரசுத் துறையிலும் இதே வழக்கம் நிலவியது. அரசு செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்தால் அரசு வேலையும் ஏறக்குறைய உறுதி என்று குடும்பங்கள் நம்பின. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது.

பிறகு சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. வள்ளியூர், வடக்கன்குளம், சங்கரன்கோவில், தூத்துக்குடி என்று எங்கும் நர்சிங் கல்லூரிகள் எழுந்தன. கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படிக்க முடிந்தது என்பது பெரிய நன்மை. ஆனால் சொந்தமாகப் பெரிய மருத்துவமனை இல்லாத கல்லூரிகள், செய்முறைப் பயிற்சிக்கு மாணவிகளை வெளி மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஒரே வார்டில் நான்கைந்து கல்லூரிச் சீருடைகள் கூடினால் அந்த அளவுகோல் எங்கே நிற்கும்? டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி. எழுதுவதோடும், முதுகலை மாணவர் ஊசி போடுவதைத் தள்ளி நின்று பார்ப்பதோடும் நாள் முடிந்துவிடும். பாடத்தில் தேர்ந்தும் கை பழகாமல் வெளியே வருவது அந்தப் பெண்களின் குறை அல்ல. படிப்பையும் பணியையும் பிரித்துவைத்துவிட்டு நடுவில் பாலம் போட யாரும் இல்லாமல் விட்டதன் விளைவு அது.

மருத்துவம் படித்தவர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். எம்.பி.பி.எஸ். தேர்வு எழுதியவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக, உதவித்தொகையுடன், மூத்தவர்களின் பார்வையில் வார்டு வார்டாகச் சுற்றிய பிறகே முழுப் பதிவு பெறுகிறார். செவிலியருக்கு அந்தப் பயிற்சிக் காலம் படிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சுயநிதிக் கல்லூரி மாணவி அந்த மாதங்களுக்கும் கட்டணம் கட்டுகிறாள். சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்த மறுநாளே அவள் முழுப் பொறுப்புள்ள ஸ்டாஃப் நர்ஸ்.

முதல் கதவு: உள்ளூர்த் தனியார் மருத்துவமனை

பெரும்பாலோர் முதலில் தட்டும் கதவு இது. இருபது முதல் ஐம்பது படுக்கை உள்ள மருத்துவமனை, தங்க ஓர் அறை, மெஸ் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போக வசதி. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் ஏழைகளும் தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற முடிந்தது. சிறு நகரங்களில் இத்தகைய மருத்துவமனைகளுக்கு அது ஊக்கம் தந்தது.

இங்கே இரண்டு சிக்கல்கள். ஒன்று, பதிவு பெறாதவர்கள். பிளஸ் டூ முடித்த பெண்களைச் சில மாதம் பழக்கிச் சீருடை கொடுத்து ஊசி போட வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நான்காண்டு படித்தவளுக்கும் ஆறு மாதம் பழகியவளுக்கும் நோயாளி கண்ணில் வேறுபாடு தெரியாது. நிர்வாகத்தின் கணக்கில் வேறுபாடு சம்பளம் மட்டுமே. அதனால் படித்தவளின் கூலியும் கீழே இழுக்கப்படுகிறது. இரண்டு, ஆள் குறைவு. புதியவளுக்குச் சொல்லித்தர ஒரு சீனியரை ஒதுக்கினால் வார்டு நடக்காது என்பார்கள். ஆகவே சேர்ந்த சில நாளில் அவளுக்குத் தனி நைட் ட்யூட்டி.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நம்மூரிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் திருநெல்வேலிக்கு வந்தது. அங்கே கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, நிறுவனமே இரண்டாண்டு பயிற்சி தந்து, கண் சிகிச்சை சார்ந்த பணிகளில் மட்டும் அமர்த்துகிறார்கள். அவர்கள் பதிவு பெற்ற செவிலியர்கள் அல்ல, அவர்களுடைய பணிக்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. இதிலிருந்து மற்ற மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: புதியவருக்குக் கற்றுத்தருவதைத் தன் செலவாகவும் தன் கடமையாகவும் ஒரு நிறுவனம் ஏற்றால், அங்கே பணியின் தரமும் உயரும்.

இரண்டாம் கதவு: பெருநகரம்

நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கோ, பஸ் பிடித்து மதுரைக்கோ, மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள் அடுத்த வகை. தரச் சான்று பெற்ற பெரிய மருத்துவமனைகளில் புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சி, எழுத்துவடிவ நடைமுறைகள், பயிற்சிப் பதிவேடு ஆகியவை இருந்தாக வேண்டும். கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். கல்விக் கடன் வாங்கியவளுக்கு இது நெருக்கடி. சில இடங்களில் ஓராண்டு, ஈராண்டு பாண்ட் கேட்பார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பதற்கு நகல் போதும். அசலைப் பிடித்துவைக்கும் உரிமை எந்த மருத்துவமனைக்கும் இல்லை. இதைச் சேரும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கதவு: அரசு

வீட்டாரின் கனவு பெரும்பாலும் இதுவே. 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015-இல் 7,243 செவிலியர் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. தனியார் கல்லூரியில் படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ஈராண்டில் காலமுறை ஊதியம் என்ற நம்பிக்கை நிறைவேறாமல் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் போராடினார்கள். தொகுப்பூதியம் பின்னர் 14,000, 18,000 என்று உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரத்துக்கான காத்திருப்பு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து, தம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நோயாளிகளைக் காத்தவர்களில் பலருக்கு அதுவே முதல் வேலை. இந்தச் சமூகம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் இன்னும் தீரவில்லை.

மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களும் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கின்றன. துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றியபோது இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பணியில் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். இது தன்னந்தனியாக ஒரு கிராமத்தின் சர்க்கரை நோயாளியையும் கர்ப்பிணியையும் கவனிக்க வேண்டிய வேலை. ஆஸ்பத்திரி அனுபவமே இல்லாத புதியவருக்கு எளிதல்ல.

மத்திய அரசுப் பக்கம், எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. தொடக்க ஊதியம் ரூ.44,900 உள்ள ஏழாம் நிலை. பி.எஸ்சி. முடித்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோ முடித்தவருக்கு ஐம்பது படுக்கை மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் தேவை. பணியிடங்களில் எண்பது விழுக்காடு பெண்களுக்கு என்பதால் ஆண்களுக்குப் போட்டி கடுமை. வட மாநிலத்து மாணவர்கள் பயிற்சி மையங்களில் சேர்ந்து இதற்கென்றே தயாராகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் தேர்வைப் பற்றி மூன்றாம் ஆண்டிலேயே அறிந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

நான்காம் கதவு: கடல் கடந்து

வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி எதுவானாலும், பெரும்பாலான வாய்ப்புகள் ஓரிரண்டு ஆண்டு அனுபவத்தைக் கேட்கின்றன. ஆக, வெளிநாட்டுக் கனவுக்கும் படிக்கட்டு உள்ளூரின் முதல் ஆண்டுதான். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, வளைகுடாவுக்கு உரிமத் தேர்வும் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் உத்தரவிட்டது.

அந்த உத்தரவுக்குப் பின்னணியில் பெருந்துயரங்கள் இருந்தன. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித் போரிலிருந்து 46 இந்தியச் செவிலியர்கள் மீட்கப்பட்டுக் கொச்சி வந்திறங்கினார்கள். பெரும்பாலோர் மலையாளிகள், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார். கடன் வாங்கி முகவருக்குக் கட்டிவிட்டுப் போனவர்கள் பலர். உள்ளூரில் முதல் வேலை வாழ வழி செய்திருந்தால் போர்முனைக்கு அவ்வளவு அவசரமாகப் போயிருப்பார்களா?

நைட் ட்யூட்டியில் நடப்பது

கற்றுத்தருவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓர் இரவை அருகிலிருந்து பார்த்தால் உணரலாம். எட்டு மணி ஹேண்ட் ஓவர். மூத்தவள் அவசரமாகச் சொல்கிறாள்: "மூணாம் பெட் சுகர் பேஷன்ட், இன்சுலின் போடணும். அஞ்சாம் பெட்ல ட்ரிப் முடியப் போவுது. ஏழாம் பெட்டுக்கு யூரின் அளவு பாத்துக்கோம்மா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். புதியவள் கையில் இன்சுலின் குப்பி. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்துவிட்டால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிட, போன் அடிக்க, அரை வெளிச்சத்தில் எடுக்கும்போது "காட்டு, நானும் பாக்கேன்" என்று சொல்ல ஒரு அக்கா வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு ஏழாம் படுக்கையில் மூச்சு லேசாக வேகம் பிடிக்கிறது. எண்ணிப் பார்க்கத் தெரியும். டாக்டரை எழுப்ப வேண்டிய வேகமா, காலை வரை பொறுக்கலாமா என்பதுதான் தெரியாது. எழுப்பினால் திட்டு விழுமோ என்ற பயம் வேறு.

இந்தத் தவிப்பை உலகம் வெகுகாலம் முன்பே ஆராய்ந்துவிட்டது. புதிய செவிலியர் கல்லூரியில் கற்ற நெறிக்கும் வார்டின் நடப்புக்கும் இடையில் அதிர்ந்துபோவதை அமெரிக்காவின் மார்லீன் கிராமர் 1974-இல் ஒரு நூலாகவே எழுதினார். தொடக்கநிலையிலிருந்து தேர்ச்சிநிலை வரை செவிலியர் ஐந்து படிகளில் வளர்கிறார், அந்த வளர்ச்சி நோயாளிகளிடையே பெறும் அனுபவத்தில்தான் நடக்கிறது என்று பாட்ரீஷியா பென்னர் 1984-இல் விளக்கினார். இவற்றின் தொடர்ச்சியாக அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் புதியவர்களுக்கு ஓராண்டு வதிவிடப் பயிற்சியும், பிரிட்டனில் மூத்தவர் ஒருவரின் துணையில் பணியாற்றும் காலமும் வழக்கமாகிவிட்டன.

எதிர்மறைப் பாடமும் உண்டு. பிலிப்பைன்ஸில் புதிய செவிலியர்கள் அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமின்றி வேலை செய்தார்கள், சில இடங்களில் மருத்துவமனைக்கே பணம் கட்டினார்கள். 2011-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை அதைத் தடைசெய்ய நேர்ந்தது. அனுபவத்தை விலைப்பொருளாக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இது சாட்சி.

சம்பளமும் சட்டமும்

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தந்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு தெளிவான பரிந்துரைகளைத் தந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

மலைக்கு அந்தப்பக்கம் இது நடந்தது. 2011-இல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் போராடிப் போராடி, 2018 ஏப்ரலில் கேரள அரசு 20,000 ரூபாயைத் தொடக்க அடிப்படை ஊதியமாக அறிவித்தது. செங்கோட்டையிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் நடந்த மாற்றம் இங்கே ஏன் வரவில்லை? நம் செவிலியர்கள் சிறு சிறு மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேறு ஊர், அதற்கடுத்த ஆண்டு வேறு நாடு என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் சங்கமாகத் திரள்வது கடினம். பேசினால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது என்ற அச்சமும் வாயை அடைக்கிறது.

சங்கம் வரும்வரை கையிலுள்ள சட்டங்களையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். தனியார் மருத்துவமனைப் பணியாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு இ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பி.எஃப். உண்டு.

செய்ய வேண்டியவை

முதல் வேலையைத் தேடுகிறவர் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை ஸ்டாஃப், தனியாக நைட் ட்யூட்டி எப்போது தொடங்கும், இரவில் ட்யூட்டி டாக்டர் உள்ளேயே இருப்பாரா, முதல் மாதங்களில் யாருடன் போடுவார்கள் என்று கேட்க வேண்டும். நியமன ஆணை எழுத்தில் வேண்டும், சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் கேன்டீனில் பத்து நிமிடம் பேசினால் பாதி உண்மை தெரிந்துவிடும். சம்பளம் ஓரிரண்டாயிரம் குறைந்தாலும் கற்றுத்தரும் வார்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த இழப்பைத் தாங்க முடியாத வீடுகள் இருக்கும்வரை, இந்த அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமாகாது.

மருத்துவமனைகள் ஒவ்வொரு புதியவருக்கும் மூத்தவர் ஒருவரைப் பெயர் சொல்லி ஒப்படைத்து, அவருக்கு அதற்கென்று சிறு படியும் தரலாம். கல்லூரிகள் சான்றிதழ் கொடுத்ததோடு உறவை முடிக்காமல், முதல் ஆண்டு முழுவதும் தம் மாணவிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம்.

மிகப் பெரிய பொறுப்பு அரசுக்கு. ஹைகிரவுண்டு மருத்துவமனையிலும் தென்காசி, அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைகளிலும் புதிய செவிலியர்களுக்கு ஓராண்டு ஊதியப் பயிற்சி இடங்களை உருவாக்கலாம். நோயாளிக்கும் கூடுதல் கைகள் கிடைக்கும். நிரந்தரப் பணியிடங்களுக்கு மாற்றாக இவை ஆகிவிடாதபடி எண்ணிக்கையும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும். நாடு முழுவதும் 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. அவற்றில் 11 தமிழ்நாட்டுக்கு. அதே ஆண்டில் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் நிறைவேறியது. படிப்பின் விதிகள் புதிதாக எழுதப்படும் நேரம் இது. இனி ஒரு கல்லூரிக்கு அனுமதி தரும் கோப்பில் கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவற்றோடு இன்னொரு வரியும் இடம்பெற வேண்டும்: இங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பிள்ளைகளின் முதல் ஓராண்டுக்கு எந்த மருத்துவமனை பொறுப்பு, என்ன ஊதியத்தில்? அந்த வரி நிரப்பப்படாத கோப்பில் கையெழுத்து விழக் கூடாது.